புளியங்கொட்டையும் மொழிபெயர்ப்பு அண்ணனும்

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்க அக்கா. பாப்பாவுக்கு எதிர்க்காற்று ஆகாது, நான் இப்படி மடியில் போட்டுக்கொள்கிறேன். மதுரைதானே? நாங்களும் மதுரைதான். தங்கச்சிக்குக் கல்யாணம், சேலை எடுக்கப் போகிறோம். பாப்பா அப்பா முன்னாடி டிரைவர் பக்கத்தில் நிற்கிறார் பாருங்க, நீலச்சட்டை, அவர்தான்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். கூச்ச சுபாவம். விளாத்திகுளத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்க, பாண்டிமீனா வாயைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா என்று. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் வாசிக்கும்போது நான் கூச்சப்பட்டு 'உள்ளேன் டீச்சர்' சொல்வதற்குள் அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள். பாதி நாள் நான் வகுப்பில் இருந்தபடியே ஆப்சென்ட். எட்டாவதோடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். 'அமெரிக்காவிலேயா இருக்கே? அங்கே ஆஸ்பத்திரி எல்லாம் சொர்க்கமாமே' என்று. சொர்க்கம்தான் அக்கா. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். ஆனால் சொர்க்கத்துக்குள் போகிறது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும்தானே. அங்கேயும் அதே பாடுதான்.

பாப்பா அப்பா அங்கே தோசை மாஸ்டர். ஒஹையோ என்று ஒரு பக்கம், பாதி வருஷம் ஐஸ்பெட்டிக்குள் வைத்த மாதிரி இருக்கும். அங்கே ஓட்டல் வைத்திருக்கிற நம்ம ஆள் ஒருத்தர் கோயம்புத்தூரில் இவர் கையால் ஒரு நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு, கையோடு கூட்டிப் போய்விட்டார். பின்னாடியே நானும் பாப்பாவும் போனோம். ஓட்டலில் ஆஸ்பத்திரிக்கென்று ஒரு கார்டு கொடுத்தார்கள். மாதாமாதம் இவர் சம்பளத்தில் அதற்கென்று பிடித்துக்கொள்வார்கள். நானும் கார்டு இருக்கிறது, இனி என்ன கவலை என்று அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. அம்மா ஊரிலிருந்து கொடுத்துவிட்ட புளி. கொட்டை எடுக்காத புளி, வீட்டு மரத்துப் புளி. நான் தரையில் பேப்பர் விரித்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன், பாப்பா பக்கத்தில் கொட்டையை அடுக்கி விளையாடுகிறாள். திடீரென்று சத்தத்தைக் காணோம். பிள்ளை சத்தம் போட்டால் பயமில்லை அக்கா, சத்தம் நின்றால்தான் பயம். திரும்பிப் பார்க்கிறேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு முழிக்கிறாள்.

"என்னடி?"

"உள்ளே போயிருச்சு."

"எது?"

"கொட்டை."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். தலையைத் தூக்கிப் பார்த்தால் இடது மூக்கில் மேலே பழுப்பாக மினுக்குகிறது. விரலை விட்டால் இன்னும் மேலே போகிறது. அம்மாவுக்கு வீடியோவில் போன் போட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "விரலை விடாதேடி மூதேவி! ஈரத்துல ஊறுச்சுன்னா உப்பிரும். அப்புறம் தொண்டைக்குள்ள எறங்கிட்டா மூச்சுக்குழலை அடைச்சுரும். ஓடு, டாக்டர்கிட்ட ஓடு" என்றாள்.

புளியங்கொட்டை ஊறினால் எப்படி உப்பும் என்று நமக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு எனக்கு மூக்கு கண்ணுக்கே தெரியவில்லை, உள்ளே உப்புகிற கொட்டைதான் தெரிகிறது.

எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே குழந்தை டாக்டர். ரோட்டைத் தாண்டினால் போதும். தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினேன். மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு, அப்படி ஒரு சிரிப்பு. நான் பாப்பா மூக்கைக் காட்டி, "நோஸ். சீட். இன்சைடு" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் அதில் செலவாகிவிட்டது. அவள் கார்டைக் கேட்டாள். கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு மாறாமல் தலையை ஆட்டினாள். கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு பாப்பா அப்பா சொன்னார். அங்கே நம் கார்டுக்கு இன்னின்ன டாக்டர் முறை, இன்னின்ன டாக்டர் முறையில்லை என்று இருக்கிறதாம். நம்மிடம் கொள்வினை கொடுப்பினை இல்லாத குடும்பம் இருக்கும் பாருங்க, எதிர்வீடாக இருந்தாலும் விசேஷத்துக்கு வரமாட்டார்கள், அந்த மாதிரி. எதிர்வீட்டு டாக்டர் எங்கள் கார்டுக்குப் பகை. எங்கள் கார்டுக்கு உறவான டாக்டர் அடுத்த ஜில்லாவில் இருக்கிறார். யார் பேசி முடித்த உறவோ, யாருக்கும் தெரியாது.

இவர் ஓட்டலிலிருந்து கையில் மாவோடு ஓடிவந்தார். கார்டுக்குப் பின்னால் இருக்கிற நம்பருக்குப் போட்டார். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்கிறது. இவர் மாவுக் கையோடு அமுக்கி அமுக்கி, போன் முழுவதும் தோசை மாவு. கடைசியில் ஒரு பொம்பளை எடுத்து மூக்கு டாக்டருக்குத் தேதி கொடுத்தாள். எப்போது தெரியுமா? தீபாவளி கழித்து!

"அதுக்குள்ள முளைச்சு மரமாகி, நாமளே புளி உலுக்கலாம்" என்றேன்.

"ஏய், நீ சும்மா இரு புள்ள" என்றார் இவர். பயந்துபோனால் இவருக்குக் கோபம் வரும்.

அப்புறம் அவசரத்துக்கு என்று கடைத்தெருவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கும். அது கார்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. அங்கே போனோம். ஒருத்தர் டார்ச் அடித்து எட்டிப் பார்த்தார். "ஆமாம், உள்ளே ஏதோ இருக்கிறது" என்றார். அதைத்தானே நாங்களும் சொன்னோம்! பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். எட்டிப் பார்த்ததற்குத் தனியாக வாங்கிக்கொண்டார்கள்.

நம்ம ஊர் என்றால் என்ன செய்திருப்போம் சொல்லுங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போவோம், சீட்டு வாங்குவோம், வரிசையில் சண்டை போடுவோம், டாக்டர் திட்டிக்கொண்டே எடுத்துவிடுவார். முடிந்தது. என்ன அக்கா? நீங்கள் ஸ்கேனுக்கு இது மூணாவது தடவையா போறீங்க? போன தடவையும் மெஷின் ஓடலையா? சரி, நம்ம மெஷின் கொஞ்சம் ஓய்வெடுக்கும். ஆனால் 'இன்னைக்கு ஓடாது, போம்மா' என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள் பாருங்க, அதுதான் பெரிசு. அங்கே அப்படி ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். சிரித்துக்கொண்டே உட்காரச் சொல்வார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அப்படித்தான் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தோம், உட்கார்ந்தோம், காலையில் போனவர்கள் பொழுது சாயும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். பாப்பா வாயால் மூச்சு விட ஆரம்பித்துவிட்டாள். மூக்கிலிருந்து தண்ணீர் வடிகிறது. நான் துடைக்கிறேன், மேலே பார்க்கிறேன், துடைக்கிறேன். நடுவில் ஒரு நர்ஸ் வந்து, வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டாள். பாப்பாவுக்கு அப்போது எண் பாடம் நடந்துகொண்டிருந்தது. "ஒன், டூ, த்ரீ" என்று பத்து வரைக்கும் சொன்னாள். நர்ஸ் பத்து என்று எழுதிக்கொண்டு போனாள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, வால்டர் என்று பேர். கையில் ஒரு தாள். அதை எங்கள்காரரிடம் நீட்டி என்னவோ கேட்டார். இவர் படித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னவாம்?" என்றேன்.

"போன தடவை வந்ததுக்கு வந்த தாளாம். மேலே 'இது பில் இல்லை'ன்னு போட்டிருக்கு. கீழே பணம் போட்டிருக்கு. கட்டணுமா வேண்டாமான்னு கேக்குறார்."

"அவர் இங்கிலீஷ்காரர்தானே?"

"ஆமா."

"அப்ப ஏன் உங்ககிட்ட கேக்குறார்?"

"அவருக்கும் புரியலையாம்."

நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன் அக்கா, பிள்ளை அந்த நிலைமையில் இருக்கும்போது. இங்கிலீஷ்காரர் நம்ம தோசை மாஸ்டரிடம் இங்கிலீஷுக்கு அர்த்தம் கேட்கிறார். தாத்தா பாவம், நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

கடைசியில் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு ரூம், ஒரு கட்டில். டாக்டரம்மா வந்தார்கள், பார்க்கச் சின்னப் பொண்ணு. எனக்கு இங்கிலீஷ் வராது என்று தெரிந்ததும் ஒரு நர்ஸ் கம்பத்தில் மாட்டிய டிவி மாதிரி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சக்கரம் வைத்தது. அதில் ஒரு முகம் வந்தது. கறுப்பாக, கண்ணாடி போட்டு, நம்ம ஆள்!

"வணக்கம். நான் உங்கள் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் பேசும் அனைத்தும் மொழிபெயர்க்கப்படும்" என்றார்.

காலையிலிருந்து வீட்டு ஆட்களைத் தவிர வேறு யார் வாயிலும் ஒரு தமிழ் வார்த்தை கேட்காத எனக்கு எப்படி இருக்கும்? உயிர் வந்தது. நம்ம ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் என்ன பார்ப்போம், தெரிந்த ஆள் யாராவது உள்ளே இருக்கிறார்களா என்றுதானே. இதோ தெரிந்த ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணே, நீங்க எந்த ஊரு?" என்றேன்.

அவர் டாக்டரம்மா பக்கம் இங்கிலீஷில் சொன்னார். டாக்டரம்மா என்னைப் பார்த்து என்னவோ சொன்னார்கள். அவர் என்னிடம், "நான் மிச்சிகனைச் சேர்ந்தவள்" என்றார்.

"அய்யோ அண்ணே, உங்களைக் கேட்டேன்."

அதையும் சொல்லிவிட்டார். எங்கள்காரர் என் கையைக் கிள்ளினார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. டிவிப் பக்கம் குனிந்து, குரலைத் தணித்து, "அண்ணே, இந்தப் பொண்ணு ரொம்ப சின்னதா இருக்கு. பெரிய டாக்டர் யாராவது இருந்தா வரச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, நீங்களா சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றேன்.

அண்ணன் மூச்சு விடாமல் முழுவதையும் சொன்னார். 'நீங்களா சொல்ற மாதிரி' வரைக்கும். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார்கள். "எனக்கு முப்பத்தாறு வயதாகிறது. ஆனாலும் நன்றி" என்று அண்ணன் என்னிடம் சொன்னார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர் நம்ம ஆளும் இல்லை, அவர்கள் ஆளும் இல்லை. இந்தப் பக்கம் கொட்டினால் அந்தப் பக்கம் விழுகிற புனல். ஆனால் ஒன்று அக்கா, காலையிலிருந்து நாங்கள் பார்த்த அத்தனை பேரிலும், சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்த்தது அவர் ஒருத்தர்தான். மற்றவர்கள் எல்லோரும் பாதியை வாங்கி, பாதியை மாற்றி, அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டார்கள்.

டாக்டரம்மா சொன்னார்கள், அண்ணன் வழியாக: "முதலில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. அது சரிவராவிட்டால் மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் அறையில் எடுக்க வேண்டியிருக்கும்."

மயக்க மருந்து என்றதும் பாப்பா அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. மூணு வயது தாங்குமா? "அந்தச் சுலபமான வழி என்ன?" என்றேன்.

"நல்ல மூக்கை மூடிக்கொண்டு, குழந்தையின் வாயோடு வாய் வைத்து, தாய் ஒரு ஊது ஊத வேண்டும். காற்று பின்பக்கமாகச் சுற்றிவந்து அதை வெளியே தள்ளும்."

"யாரு ஊதணும்?"

"நீங்கள்."

"நானா?"

"தாய் ஊதினால் குழந்தை பயப்படாது."

எனக்குப் பொங்கிவிட்டது. "ஏன் அண்ணே, காலையிலேர்ந்து உட்காரவச்சு, கடைசியில நான்தான் ஊதணுமா? இதை வாசல்லயே சொல்லியிருந்தா வாசல்லயே ஊதியிருப்பேனே! எதிர்வீட்டு டாக்டர் மேசையில இருந்த அந்தப் பொண்ணு சொல்லியிருந்தா ரோட்டுலயே ஊதியிருப்பேனே!"

அண்ணன் இதையும் அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். கையைக்கூட என்னை மாதிரியே ஆட்டினார். டாக்டரம்மா தலையாட்டினார்கள். "நீங்கள் சொல்வது சரி" என்றார்கள். "போனில் சொல்லியிருக்கலாம். சொல்ல யாரும் துணிவதில்லை. ஏதாவது ஆகிவிட்டால் சொன்னவர் மேல் கேஸ் வரும்."

சரி, ஊதலாம் என்றால் இப்போது எனக்குக் கூச்சம். ரூமில் டாக்டரம்மா, இரண்டு நர்ஸ், படிக்க வந்த இரண்டு வாலிபப் பையன்கள், எங்கள்காரர். இத்தனை பேருக்கு முன்னால் வாயோடு வாய் வைத்து... பிள்ளைதான், ஆனாலும். "அண்ணே, ஆம்பளைங்களை எல்லாம் அந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். நெட்டை நெட்டையாக இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கின மாதிரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். எங்கள்காரரும் திரும்பிக்கொண்டார், அவருக்கு என்ன வந்ததோ.

"அண்ணே, நீங்களும்."

அண்ணன் அதையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, "மொழிபெயர்ப்பாளர் தம் கேமராவை அணைக்கிறார்" என்றார். டிவி கறுப்பாகிவிட்டது.

முதல் தடவை ஊதினேன். பாப்பாவுக்குக் கிச்சுக்கிச்சு ஆகி, என் வாய்க்குள்ளேயே சிரித்துவிட்டாள். காற்றெல்லாம் வெளியே போய்விட்டது. இன்னொரு தடவை ஊதினேன். ஒன்றுமில்லை. டாக்டரம்மா வாசல் பக்கம் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், மயக்க மருந்துக்கு ஆள் கூப்பிடுகிற பார்வை. "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கெஞ்சினேன். கறுப்பு டிவியிலிருந்து அண்ணன் குரலும் இங்கிலீஷில் கெஞ்சியது.

வன்னியம்பட்டி காளியம்மாவை நினைத்துக்கொண்டு ஒரு ஊது! ஊதாங்குழல் வைத்து ஈர விறகில் ஊதி வளர்ந்த வாய் அக்கா இது. மூக்கிலிருந்து சர்ரென்று வந்தது, சளியும் கொட்டையுமாக என் கன்னத்திலேயே வந்து ஒட்டியது. பாப்பா, "வந்துருச்சு!" என்று கத்தினாள். அண்ணன் குரல் அதையும் மொழிபெயர்த்தது. சுவரைப் பார்த்து நின்ற பையன்கள் திரும்பிக் கைதட்டினார்கள். எங்கள்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாவு பட்டுருச்சு" என்றார். கையில் அப்போது மாவே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் அமெரிக்காவைத் தலையில் தூக்கிவைத்து ஆடியிருப்பேன். இரண்டு மாதம் கழித்துப் பில் வந்தது.

தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு வர டிக்கெட்டுக்கென்று சேர்த்து வைத்திருந்தோம். பில்லைப் பார்த்ததும் இவர், "டிக்கெட்டை மறந்துரு புள்ள" என்றார். நான் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். வந்ததற்கு ஒன்று. பார்த்ததற்கு ஒன்று. அப்புறம், 'மூக்கிலிருந்து வெளிப்பொருளை அகற்றியது' என்று ஒன்று. அதுதான் பெரிசு.

"யாரு அகற்றினது?" என்றேன்.

"அப்படித்தான் போடுவாங்க."

"யாரு அகற்றினதுன்னு கேக்குறேன். ஊதினது யார் வாய்? சளி ஒட்டினது யார் கன்னம்?"

"நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. நம்ம விசாவுக்கு ஏதாவது வந்துரப் போகுது."

நான் சும்மாதான் இருந்தேன் அக்கா, சுபாவம் அப்படி. இவர் வேலைக்குப் போனதும் பில்லில் இருந்த நம்பருக்குப் போட்டேன். 'தமிழ்' என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டார்கள். அப்புறம் அதே குரல்: "வணக்கம். நான் உங்கள் மொழிபெயர்ப்பாளர்."

"அண்ணே! நீங்களா!"

அவர் இங்கிலீஷில் சொன்னார். அந்தப் பக்கம் பில் போடுகிற அம்மா பதில் சொன்னாள். "இல்லை, நான் டெனிஸ்" என்றார் அண்ணன்.

அன்றைக்கு நான் பேசின மாதிரி வாழ்க்கையில் பேசினதில்லை. அண்ணன் இருக்கிறார் என்ற தைரியம்தான். காற்று என்னுது, வாய் என்னுது, பிள்ளை என்னுது, கொட்டைகூட எங்கள் வீட்டு மரத்துது, இதில் ஆஸ்பத்திரிக்கு என்ன வந்தது என்றேன். டாக்டர் வழி சொன்னாரே என்றாள் டெனிஸ். எங்கள் ஊரில் வழி சொன்னவருக்கு நாங்கள் பஸ் டிக்கெட் காசு கொடுக்கிறதில்லை என்றேன். அவள் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நம்பர் இருக்கிறது, தாய் செய்தால் அதற்கு நம்பர் இல்லை என்றாள். "அப்ப உங்க கம்ப்யூட்டர்ல அம்மாவே கிடையாதா?" என்றேன். அண்ணன் அதையும் அப்படியே சொன்னார். பிறகு, மேலே கேட்கிறேன், லைனில் இருங்கள் என்றாள்.

பலன் என்ன தெரியுமா? அந்த வரியை அடித்துவிட்டார்கள்! 'அகற்றியது' போய், 'தாய்க்கு வழிகாட்டியது' என்று புதுப் பில் வந்தது. பணம் கொஞ்சம்தான் குறைந்தது என்று இவர் இன்றைக்கும் முனகுகிறார். மாதாமாதம் பிரித்துக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள், கட்டிக்கொண்டிருக்கிறோம். டிக்கெட்டுக்குப் பணம் கையில் மிஞ்சியது. பணத்தை விடுங்க. எடுத்தது நான்தான் என்று அவர்கள் எழுத்திலேயே வந்துவிட்டது இல்லையா. ஜெயித்தது நான்தானே.

அந்த நாட்டு ஆஸ்பத்திரியைச் சரிசெய்ய என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்று சொல்வேன். என்னை யார் கேட்கப் போகிறார்கள், ஆனாலும் சொல்கிறேன். நமக்குக் கொடுத்த மாதிரி இங்கிலீஷ்காரர்களுக்கும் ஆளுக்கு ஒரு மொழிபெயர்ப்பு அண்ணனைக் கொடுக்கணும். சிரிக்காதீங்க அக்கா! அந்த வால்டர் தாத்தாவை நினைத்துப் பாருங்க. அவர் பாஷையில் அவருக்கே எழுதின தாளை வைத்துக்கொண்டு முழிக்கிறார். பக்கத்தில் ஒருத்தர் இருந்து, 'ஐயா, இதைக் கட்ட வேண்டாம்', 'ஐயா, இதுக்கு நீங்களே ஊதிக்கலாம்' என்று சொல்லிவிட்டால் பாதி வியாதி அங்கேயே போய்விடும்.

நான் சொல்ல வந்தது வேறு. டெனிஸ் மேலே கேட்கப் போனாளே, அப்போது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் லைனில்தான் இருக்கிறார். பேசமாட்டார், அவர்களுக்கு விதி. ஆனால் இருமினார். காய்ந்த இருமல், நெஞ்சைப் பிடுங்குகிற மாதிரி. பேசிக்கொண்டிருந்தபோதும் நடுநடுவே இருமிக்கொண்டுதான் இருந்தார், நான்தான் என் ஆத்திரத்தில் கவனிக்கவில்லை.

"என்ன அண்ணே இப்படி இருமுறீங்க? டாக்டர்கிட்ட காட்டினீங்களா? உங்களுக்கென்ன, ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கீங்க" என்றேன்.

அதற்குள் பாட்டு நின்று டெனிஸ் வந்துவிட்டாள். அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? விதிப்படி நான் கேட்டதை அவளுக்கு இங்கிலீஷில் சொன்னார். "யாருக்கு இருமல்? எனக்கா?" என்றாள் அவள், அதை எனக்குத் தமிழில் சொன்னார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "இப்போது மொழிபெயர்ப்பாளர் தமக்காகப் பேசுகிறார்" என்றார். குரல் மாறிவிட்டது அக்கா. புத்தகக் குரல் போய், வேற ஒரு குரல்.

"எனக்கு அந்தக் கார்டு கிடையாதும்மா. வீட்டுல இருந்துதான் பேசுறேன், நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு கூலி. காட்டலை."

சொல்லிவிட்டு அதையே இங்கிலீஷிலும் சொன்னார், ஒரு வார்த்தை குறையாமல்தான் சொல்லியிருப்பார். டெனிஸ் மெதுவாக என்னவோ கேட்டாள். அண்ணன் எனக்குச் சொன்னார்: "இருமல் எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்கிறார்."

"யாரைக் கேக்குறாங்க?"

"மொழிபெயர்ப்பாளரை."

"அப்ப பதில் சொல்லுங்க அண்ணே!"

சொல்லவில்லை. இருமினார், அவ்வளவுதான். ஊரார் வாய்க்கெல்லாம் வாயாக இருக்கிற மனிதர், தனக்கு என்றதும் வார்த்தை வரவில்லை. கூச்சம். எனக்குத் தெரியாதா அந்தக் கூச்சம்? பேர் வாசிக்கும்போது இருக்கிற ஆள் இல்லாமல் போகிறது எப்படி என்று எனக்குத் தெரியும்.

நானே பேசினேன் அக்கா. இங்கிலீஷில். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"மேடம். கஃப், பிக் கஃப். நோ கார்டு, நோ டாக்டர். ஹி மை பிரதர். யூ ஹெல்ப்."

அந்தப் பக்கம் டெனிஸ் "ஓ" என்றாள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பழைய குரலுக்கு வந்து, நான் பேசின இங்கிலீஷை எனக்கே தமிழில் சொல்ல ஆரம்பித்தார்.

"அம்மா. இருமல், பெரிய இருமல். கார்டு இல்லை, டாக்டர் இல்லை. இவர் என்..."

அந்த ஒரு இடத்தில் மட்டும் அவர் மொழிபெயர்க்கவில்லை.